சாரற்காலச் சமையற்கட்டு

இலத்தூர்

குற்றாலத்துக்குச் சாரற்காலத்தில் போகிறவர்கள் இரண்டு வகையினர். குளிக்கப் போகிறவர்கள் ஒரு வகை. குளிக்க வந்தவர்களுக்கு வேண்டிய சோற்றையும் எண்ணெயையும் துண்டையும் பழத்தையும் கொடுத்துப் பிழைக்கப் போகிறவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினர் எழுதிய கட்டுரைகள் தமிழில் ஏராளமாக உண்டு; அவற்றில் அருவியின் பேரோசையும் சாரலின் குளிர்ச்சியும் குரங்குகளின் சேஷ்டைகளும் போதிய அளவு வர்ணிக்கப்பட்டுவிட்டமையால், அந்தப் பொறுப்பு எனக்கு இல்லை என்றே கருதுகிறேன். இந்தத் தடவை நான் போனது இரண்டாம் வகையினனாக.

இலத்தூரைச் சேர்ந்த தவசிப்பிள்ளை ஒருவர், ஆண்டுதோறும் ஆனி பிறந்ததும் தம் கோஷ்டியை அழைத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போய், வாடகைக்குப் பிடித்த ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் அடுப்பு மூட்டி, ஆவணி முடிகிறவரையில் அங்கே தங்க வருகிறவர்களுக்கெல்லாம் ஆகாரம் செய்து போடுகிறார். கல்லூரியில் படித்த காலத்தில், விடுமுறையின் கடைசி நாட்களையும், கல்லூரி திறந்த பிறகு சனி ஞாயிறுகளையும் அவருடைய பந்தியில் சாம்பார் வாளி தூக்கிக் கழித்தவன் நான். பிறகு சென்னையில் உத்தியோகம் கிடைத்தது, விவாகம் ஆயிற்று, குற்றாலம் என்பது மற்ற உத்தியோகஸ்தர்களுக்கு எப்படியோ அப்படியே எனக்கும் குடும்பத்தோடு போய்க் குளித்துவிட்டுத் திரும்புகிற ஓர் ஊராக மாறிவிட்டது. அப்படிப் போகும்போதெல்லாம், இலையின் முன்னால் உட்கார்ந்திருக்கிற நேரத்தில், உட்கார வேண்டிய இடம் இதுவன்று, நிற்க வேண்டியவன் நான் என்ற ஒரு சங்கடம் மனத்தில் எழாமல் இருந்ததில்லை. ஆகவே, இவ்வாண்டு ஆடியில் சேர்ந்தாற்போல விடுமுறை கிடைத்தபோது, வேலைக்கு ஆள் தேவையா என்று தவசிப்பிள்ளை அண்ணாச்சியிடம் தொலைபேசியில் கேட்டேன். "முதல்ல ஊருக்கு வந்து சேரு. சாப்பிட்டுட்டுப் பேசுவோம்" என்றார்.

இலத்தூர் தென்காசிக்கு வடக்கே சில மைல் தொலைவில், மேற்கே மலையையும் அருகே பெரிய குளத்தையும் வைத்துக்கொண்டு அமைதியாகக் கிடக்கும் கிராமம். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அப்பால் மலையாளத்தில் தன் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, வெறுங்காற்றாக நெல்லைச் சீமையில் இறங்குவதே பொதுவான இயற்கை. ஆயினும், செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் மலைத்தொடர் தாழ்ந்து வழிவிட்டிருப்பதனால், அந்த மழையின் மிச்சம் கணவாய் வழியே நுழைந்து, இந்தச் சுற்று வட்டாரத்துக்கு மட்டும் வெயிலோடு கலந்த ஒரு பூந்தூற்றலை அனுப்பிக்கொண்டிருக்கிறது. திருநெல்வேலியில் புழுதி பறக்கும் அதே நாளில் இலத்தூரில் கார் நெற்பயிர் காற்றில் சாய்ந்து சாய்ந்து எழுகிறது. லாரித் தண்ணீருக்கு முறைவைத்துக் காத்திருக்கும் சென்னைத் தெருவிலிருந்து முந்தின மாலைதான் புறப்பட்டு வந்த எனக்கு, வாய்க்காலில் யாரும் கவனியாமலே தண்ணீர் ஓடுகிற காட்சி ஏதோ ஊதாரித்தனம் போலத் தோன்றியது.

அடுப்புக்குப் போகுமுன் மதுநாதர் சந்நிதியில் ஒரு கும்பிடு போடுவது கோஷ்டியின் சம்பிரதாயம். அகத்தியர் புளியமரத்தடியில் லிங்கம் அமைத்து வழிபட்டபோது மரத்திலிருந்த கூட்டிலிருந்து தேன் சொரிந்து அபிஷேகமாயிற்று என்று தலபுராணம் சொல்லும். சனிக்கிழமைகளில் இங்குள்ள சனீஸ்வரரைத் தேடி வெளியூரார் பலர் வருகிறார்கள். அண்ணாச்சிக்குச் சனியைவிடத் தேனிலேதான் ஈடுபாடு அதிகம். இனிப்புக்குப் பெயர்பெற்ற சாமியின் ஊர்க்காரன் வைக்கிற பாயசம் திகட்டலாமா என்று கேட்பார். இப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் மனைவியான மதினிதான் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏ அய்யா, ஆபீஸ்ல உக்காந்தே இருந்து இடுப்பு குனியுமா? பந்தியில குனிஞ்சு நிமிரணுமே."

"குனியலேன்னா அரிவாள்மணை இருக்கு, உக்காந்து காய் வெட்டட்டும்" என்று அண்ணாச்சி என் பதவியை அங்கேயே நிர்ணயித்துவிட்டார்.

தென்காசி

சரக்கெல்லாம் தென்காசியில் வாங்குவது வழக்கம். மல்லியும் மிளகாயும் பெருங்காயமும் ஒரு கடையில், கருப்பட்டி மற்றொரு கடையில், இலைக்கட்டு சந்தையில் என்று அண்ணாச்சிக்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆஸ்தானக் கடை உண்டு. அந்தக் கடைக்காரர்களின் தகப்பனார்களிடம் அவர் வாங்கியிருக்கிறார், இப்போது பிள்ளைகளிடம் வாங்குகிறார், விலை பேசுவதில் மட்டும் தலைமுறை வித்தியாசம் பாராட்டுவதில்லை. மூட்டைகள் வண்டியில் ஏறுகிற நேரத்தில் நாங்கள் காசிவிசுவநாதர் கோயில் வாசலில் போய் நின்றோம். அந்தக் கோபுர வாசலில் நிற்பதற்கென்றே தென்காசிக்கு வரலாம். உள்ளே நுழைகிறவனை எதிரே தள்ளுவது போலவும் பின்னால் நின்று தாங்குவது போலவும் அவ்வளவு காற்று அங்கே ஓயாமல் பாய்கிறது.

இந்த ஆலயத்தைப் பதினைந்தாம் நூற்றாண்டில் எடுப்பித்தவன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டியர் மரபில் வந்த அந்த மன்னன், கட்டியவன் நான் என்று பெருமை பேசிக் கல்லில் வெட்டிவைத்திருந்தால் அது ராஜ வழக்கம்தான் என்று நாம் கடந்து போயிருப்போம். அவனோ, பிற்காலத்தில் இந்தத் திருப்பணிக்கு ஊறு நேர்ந்தால் அதைச் செப்பனிட்டுக் காக்கப்போகிறவர் யாராயிருந்தாலும், அவருடைய பாதங்களில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்ற கருத்தமைந்த பாட்டைப் பொறித்து வைத்தான். ஊறும் நேர்ந்தது. கோபுரம் சிதைந்து, நூறாண்டுக்கு மேல் மொட்டையாக நின்றது, பா. சிவந்தி ஆதித்தனார் முன்னின்று நடத்திய திருப்பணியால், 1990ஆம் ஆண்டில் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. 2025 ஏப்ரலில் மறுபடியும் கும்பாபிஷேகம் நடந்திருக்கிறது.

இதையெல்லாம் நான் சற்றுப் பிரசங்க தோரணையில் சொல்லி முடித்ததும், அண்ணாச்சி தலையை அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்துவிட்டு, "சம்பளம் குடுக்குதவன் வேலைக்காரனைக் கும்பிட்டிருக்கானே, அதைச் சொல்லு" என்றார். கல்வெட்டு ஆராய்ச்சியாளர்கள் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

மேலகரம்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் உள்ள மேலகரத்தில் வண்டி நிற்கவில்லை. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் இது. மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் மானியமாக விட்டார். அது குறவஞ்சி மேடு என்று பெயர் பெற்றது. பாட்டுக்கு நிலம் கிடைத்த காலமும் ஒன்று இருந்தது என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஊர் கடந்துவிட்டது. முகத்தில் முதல் தூற்றல் விழுந்தது.

குற்றாலம், பின்கட்டு

சமையற்கட்டில் நாள் பிறப்பது விடியற்காலம் நான்கு மணிக்கு. முன்னாட்களில் கோட்டையடுப்பில் விறகு எரித்தார்கள்; சாரலில் நனைந்த விறகு எரியாமல் புகைந்து புகைந்து கண்ணைக் கரித்த நாட்களை மதினி இன்னும் வைது கொண்டிருக்கிறார். இப்போது எரிவாயு வந்துவிட்டது. என்றாலும், அண்டாவில் சோறு வடிப்பதற்கு மட்டும் அண்ணாச்சி ஒரு கோட்டையடுப்பை இடிக்காமல் வைத்திருக்கிறார். அந்த அடுப்பின் அருகில் ஈரத் துணிகளும் ஈர மனிதர்களும் காய்ந்துகொள்ளலாம் என்பது அதற்குரிய உபரி நன்மை.

அருவியில் குளித்தவனுடைய பசியைப் போன்ற ஒரு பசியை வேறெங்கும் கண்டதில்லை. தலையிலும் முதுகிலும் தண்ணீரின் அடியை வாங்கிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு வந்து உட்காருகிறவனுக்கு இரண்டு இட்லி வைத்தால், அவன் முகத்தில் தோன்றுகிற ஏமாற்றத்தைப் பார்க்கச் சகியாது. ஆகவே, காலையில் இட்லி, மிளகாய்ப்பொடி, இடிசாம்பாருடன் கூட உளுந்தங்கஞ்சியும் உண்டு. மத்தியானத்தில் ஒரு நாள் அவியலும் புளிமிளகாயும், ஒரு நாள் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், விசேஷ நாளில் தேங்காய்ப்பாலில் வைத்த சொதியும் இஞ்சித் துவையலும். மாலையில் சுக்கும் கருப்பட்டியும் போட்ட காபி. திருநெல்வேலிச் சைவச் சமையலுக்கு இதைவிட நல்ல ரசிகர்கள் வாய்ப்பதரிது. கலோரிக் கணக்குப் பார்த்து ஒரு சப்பாத்தியோடு எழுந்துவிடுகிற சென்னை நண்பர் ஒருவரை இங்கே மூன்றாம் தடவை சோறு கேட்க வைத்திருக்கிறேன்; அவர் பெயரைச் சொல்லமாட்டேன்.

கோஷ்டியில் இப்போது இருப்பவர்கள் பலவிதம். பாத்திரம் துலக்குகிற ஆச்சி புளியங்குடிப் பக்கம். தேங்காய் துருவவும் அரைத்து எடுக்கவும் மதினியோடு அவருடைய தங்கை மகள். கடையநல்லூரிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் பந்திக்கு. அவர்களில் ஒருவன் பொறியியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவன், மற்றவன் கல்யாண மண்டபங்களில் பரிமாறிப் பழகியவன். பரிமாறுவதில் பொறியியல் தோற்றுப்போகிறது. இலையின் நுனி உண்பவருக்கு இடப்பக்கம் வரும்படி போடுவது, உப்பிலிருந்து தொடங்குவது, குழந்தையின் இலைக்கு முதலில் பருப்பும் நெய்யும் கொண்டுபோவது, சோறு கேட்கக் கூச்சப்படுகிறவரை அடையாளம் கண்டு அவர் கேளாமலே ஒரு கரண்டி வைப்பது ஆகிய இவையெல்லாம் புத்தகத்தில் இல்லாத சாஸ்திரங்கள். அரிவாள்மணையில் நியமிக்கப்பட்டிருந்த நான், கூட்டம் மிகுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஆள் போதாமல் பந்திக்கு அழைக்கப்பட்டேன். வாளியின் கைப்பிடி விரல்களில் அழுந்தியபோது, உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த எந்தப் பதவி உயர்வும் அத்தனை சந்தோஷத்தைக் கொடுத்ததாக ஞாபகம் வரவில்லை. மதினி சொன்னபடியே இடுப்பு வலித்தது, அது வேறு.

பின்கட்டுத் திண்ணைக்குத் தினமும் மத்தியானப் பந்தி ஓய்ந்தபின் ஒரு பெரியவர் வந்து உட்காருவார். முன்னாளில் பேரருவியின் அருகில் எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைத்தவர். அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு இவற்றைக் கூடாதென்று தடுத்தபின் அத்தொழில் அருவிக்கரையை விட்டு விலகி, தெருக்களிலும் விடுதித் திண்ணைகளிலும் ஒதுங்கிக்கொண்டது. தடை சரியானதே, கீழே அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவரும் அதை ஒப்புக்கொள்கிறார். ஆனால், நியாயத்தை ஒப்புக்கொண்டதற்காக ஒருவருக்கும் கூலி கிடைப்பதில்லை.

2020இலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் தொற்றுநோய்க் காலத்தில் அருவிகள் பூட்டிக்கிடந்தன. தண்ணீர் வழக்கம்போல விழுந்தது. சாரல் வழக்கம்போல அடித்தது. குளிக்க மட்டும் ஒருவருக்கும் அனுமதி இல்லை. இரண்டு சீசன்கள் அப்படியே போயின. அண்ணாச்சி இலத்தூரில் வீட்டு வாசலில் உளுந்தங்கஞ்சி விற்றார். எண்ணெய்ப் பெரியவர் செங்கற்சூளைக்குப் போனார். அங்கே அன்றாடக் கூலி தவறாமல் கிடைத்தது. சீசன் வருமானத்தைவிட நிச்சயமான வருமானம் என்று அவரே சொல்கிறார்.

"அப்புறம் ஏன் திரும்பி வந்தீங்க?" என்று கேட்டேன்.

"சூளையில செங்கல்லு வெந்துச்சான்னு பாப்பாங்க. இங்கன ஒரு மனுசன் 'ஆ, அப்பாடா'ங்குதான். அதுக்குத்தான்" என்றார் பெரியவர். பிறகு, இவ்வளவு பேசியது அதிகம் என்று எண்ணினவர் போல, ஆச்சியிடம் மோர் இருக்கிறதா என்று கேட்கப் போய்விட்டார்.

பேரருவி

எங்களுக்குரிய ஸ்நான நேரம், கடைசிப் பந்தி முடிந்து பாத்திரங்கள் கவிழ்ந்தபின், நள்ளிரவை ஒட்டி. பகலில் வரிசையில் நின்று, காவலரின் விசிலுக்கு அஞ்சி, பத்து விநாடி நனைந்துவிட்டு வெளியே வருகிறவர்கள் பேரருவியை அறிந்தவர்கள் ஆகமாட்டார்கள். இரவில், மின்விளக்கின் கீழே, கூட்டம் கலைந்தபின் வருகிறவர்கள் பெரும்பாலும் உழைப்பாளிகள்: பஜ்ஜிக் கடைக்காரர், நேந்திரங்காய்ச் சிப்ஸ் பொரிப்பவர், விடுதியில் அறை பெருக்குபவர், வேன் ஓட்டுநர். ஒருவரையொருவர் பெயரால் அழைத்து இடம் விட்டுக்கொடுக்கிறார்கள். மேலே பொங்குமாங்கடல் என்னும் பாறைக் குழியில் விழுந்து, அங்கே தன் வேகத்தைத் தணித்துக்கொண்ட பின்னரே சிற்றாறு கீழே நம் தலையில் இறங்குகிறது. அந்தக் குழி மட்டும் இல்லாவிட்டால் அருவியின் கீழ் நிற்க மனித உடம்பால் ஆகாது என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள்.

தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழத் தொடங்கினால் குளிப்பதை உடனே நிறுத்திவிடுவார்கள். பகற்கூட்டம் அப்போது முணுமுணுக்கும். இரவுக் கூட்டம் ஒரு சொல் இல்லாமல் விலகிவிடும். 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயது மாணவன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. மலைமேல் பெய்கிற மழை கீழே நிற்பவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்த ஊரிலேயே பிழைக்கிறவர்கள் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே பின்வாங்குகிறார்கள். ஒரு நாள் அரும்பிய செம்மண் கலங்கலைக் கண்டு பஜ்ஜிக் கடைக்காரர் எங்களை வெளியே இழுத்தது, காவலரின் விசிலுக்கு முந்தி.

ஐந்தருவிச் சாலை

கறிவேப்பிலையும் இலையும் வாங்க ஐந்தருவிப் பக்கம் போகிற வேலை ஒரு நாள் எனக்கு வாய்த்தது. வழியெல்லாம் பழக்கடைகள். மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன், முட்டைப்பழம் என்று தமிழ்நாட்டுச் சமவெளியில் வேறெங்கும் ஒருங்கே காணக் கிடைக்காத பழங்கள் இங்கே கூடைகளில் குவிந்திருக்கின்றன. கிழக்கிந்தியக் கும்பினியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்தார்கள். அவர்களுடைய அதிகாரிகளும் சாரற்காலத்தில் கச்சேரிக் காகிதங்களோடு இங்கே வந்து முகாமிடுவார்கள். ஆக, குற்றாலத்தில் முகாமிட்டு வேலை பார்ப்பது என்ற வழக்கத்துக்குச் சர்க்கார் அந்தஸ்து முன்பே கிடைத்திருக்கிறது.

இதே குற்றாலத்தில், தம் வீட்டில்தான் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் தம் பிற்காலத்தைக் கழித்து, 1954இல் காலமானார். வக்கீல் படிப்புப் படித்தும் அத்தொழிலில் நாட்டம் கொள்ளாதவர். இந்து அறநிலைய வாரியத்தின் ஆணையராக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தம் வீட்டு முற்றத்தில் கூட்டிய வட்டத்தொட்டி என்னும் இலக்கியக் கூட்டத்தைக் குற்றாலத்துக்கும் கொண்டுவந்தவர். ராஜாஜி வந்தார், கல்கி வந்தார், பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி மகராஜன், பின்னாளில் கி. ராஜநாராயணன் என்று கம்பனைக் கேட்க வந்தவர்கள் அநேகர். வந்தவர்களுக்கு அருவியும் கவிதையும் மட்டுமன்றி விருந்தும் உண்டு என்பதை அவர்களில் பலர் நன்றியோடு எழுதிவைத்திருக்கிறார்கள். ருசியையே வாழ்க்கையின் அளவுகோலாகக் கொண்ட ஒருவர் வீட்டில் சாப்பாடு சாதாரணமாக இருக்க முடியாதல்லவா?

இந்த நினைவுக் குறிப்புகளையெல்லாம் நான் முன்பு விரும்பிப் படித்திருக்கிறேன். இப்போது, தோளில் இலைக்கட்டோடு நடக்கும்போது, வேறொரு கேள்வி தோன்றியது. இலையில் உட்கார்ந்தவர்களின் பெயர்கள் எனக்கு வரிசையாக ஞாபகம் வருகின்றன. அடுப்படியில் நின்றவர்களில் ஒருவர் பெயராவது ஞாபகம் வரவில்லை. எழுதினவர்கள் குறிக்காமல் விட்டார்களா, படித்தவன் கவனியாமல் விட்டானா? கம்பனுடைய பாட்டு ஒன்றை அந்த முற்றத்தில் ஒருவர் நிறுத்தி நிதானமாகச் சுவைத்துச் சொல்லிக்கொண்டிருந்த அதே நாழிகையில், பின்கட்டில் ஒருவர் ரசத்தில் பருப்புத் தண்ணீர் விடுகிற பக்குவத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றிருப்பார். கவனத்தில் இருவருக்கும் பேதம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. டி.கே.சி.யிடமே இதைச் சொல்லியிருந்தால் ஆட்சேபித்திருக்க மாட்டார். அவருடைய சீடர்கள் சிலர் ஆட்சேபிக்கக்கூடும்.

பிரானூர்

என் விடுமுறை முடிகிற தறுவாயில், வியாபாரம் மந்தமாயிருந்த ஓர் இரவில், இளைஞர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கி எல்லோரும் செங்கோட்டைக்கு அருகே பிரானூருக்குப் போனோம். 1956 நவம்பர் முதல் தேதி வரையில் செங்கோட்டை திருவிதாங்கூரையும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்ததாக இருந்தமையால், இந்த இடத்துக்குப் பார்டர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. எல்லை மலைமேலே நகர்ந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், பரோட்டாக் கடைகள் நகரவில்லை. கல்லில் அடுக்கடுக்காக வெந்து, இரண்டு கையாலும் தட்டிப் பிரிக்கப்பட்ட பரோட்டாவும், மிளகு தூக்கலாகப் போட்ட நாட்டுக்கோழியும் இளைஞர்களின் இலைகளில் வந்து விழுந்த வேகத்தில் மறைந்தன. அண்ணாச்சி சைவம், ஒரு டீயோடு உட்கார்ந்திருந்தார். ஆனால், கண் மட்டும் பரிமாறுகிறவன் மேலேயே இருந்தது.

"பாத்தியா, சால்னாவை இலை ஓரத்துல ஊத்துதான். ஓடிப் போவாதா?" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் குறை சொன்னார். சிறிது நேரம் பொறுத்து, "ஆனா அந்தக் கடைசி மேசைப் பையன் கேக்காமலே வச்சான் பாரு. அவனை எந்த ஊருன்னு விசாரி" என்றார்.

திரும்பும் வழியில் வண்டியிலேயே கணக்குத் தீர்த்தார். மடித்த நோட்டுகளை என் சட்டைப் பையில் திணித்து, நான் மறுக்க வாயெடுத்தபோது கையால் தடுத்தார்.

"வச்சுக்கோ. சம்பளம் வாங்காதவனை வையுததுக்கு எனக்கு வாய் வராது. ஐந்தருவிக்கு இலை வாங்கப் போயி ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்தியே, அதுக்குப் பிடிச்சிருக்கேன். அடுத்த ஆனிக்கு வாரதா இருந்தா சித்திரையிலயே சொல்லிரு. அரிவாள்மணைக்கு வேற ஒருத்தன் கேட்டுட்டிருக்கான்."